எந்த மலை, எந்தப் பாதை: சேலத்திலிருந்து மேலே குடிபோக நினைப்பவர்களுக்கு

சேலத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு பக்கம் மலை தெரியும். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இவற்றையெல்லாம் எட்டிப் பார்ப்பதுபோல் வடகிழக்கில் சேர்வராயன் மலை. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போகிறவர், அந்த நீலக் கோட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடாமல் கீழே இறங்குவதில்லை. ‘பேசாமல் மேலே போய்விட்டால் என்ன?’

முன்பெல்லாம் இது பெருமூச்சோடு முடிந்துவிடும். இப்போது பணி ஓய்வு பெற்ற கையோடு கேட்கிறார்கள். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் ‘எந்த மலை நல்லா இருக்கும்?’ என்றுதான் வருகிறது. எல்லா மலையும் நன்றாகத்தான் இருக்கும், சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவருக்கு. குடியிருக்கப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: அங்கிருந்து எப்படி இறங்குவேன், எவ்வளவு நேரத்தில் இறங்குவேன், மழை நாளில் இறங்க முடியுமா? பல வருடங்களாக இந்த மலைகளில் ஏறி இறங்கியதில் எனக்குத் தெரிந்த வரை, மலையைத் தேர்ந்தெடுக்கும் வேலை இந்தக் கேள்விகளில் தொடங்கினால்தான் சரியாக முடிகிறது.

இந்தப் பக்கத்து மலையாளி மக்களிடம் ஒரு பழைய கதை உண்டு. (மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர்.) காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயனில் தங்க, நடுவண்ணன் பச்சைமலைக்குப் போக, சின்னண்ணன் கொல்லிமலையில் ஏறிக்கொண்டாராம். கூடப் பிறந்தவர்களுக்கே ஒரே மலை ஒத்துவரவில்லை. நமக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

குளிரை முதலில் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அது வெறும் கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு ஆறரை டிகிரி வெப்பம் குறையும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடு 1500 மீட்டரைத் தொடுகிறது, சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1600-ஐத் தாண்டுகிறது. ஆக, கீழே நாற்பது டிகிரி கொதிக்கும் நாளில் மேலே முப்பத்திரண்டு பக்கம். கொல்லிமலையின் மேல்தளம் 1000 முதல் 1400 மீட்டர் வரை, அதனால் அங்கே ஐந்து முதல் ஏழு டிகிரி மிச்சம். கல்வராயன் மலையில் இரண்டு பகுதி: சின்னக் கல்வராயன் சராசரி 2700 அடிதான் (சுமார் 820 மீட்டர்), பெரிய கல்வராயன் 4000 அடி (சுமார் 1220 மீட்டர்). ‘மலை’ என்ற ஒரே சொல்லை நம்பிப் போனால் சின்னக் கல்வராயனில் மின்விசிறி வாங்க வேண்டியிருக்கும்.

குளிரோடு கூடவே ஈரம் வரும், அதை யாரும் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நடந்து வரும். பார்க்க அழகு. ஒரு வாரம் கழித்துப் பீரோவைத் திறந்தால் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும், பட்டுப்புடவை மடிப்பில் வாடை அடிக்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்கள் மே மாதம் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது.

சரி, பாதைக்கு வருவோம்.

சேலம் கோரிமேடு வழியாக அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதைதான் ஏற்காட்டின் பெரிய சொத்து என்பேன். கோடை விழா நாட்களில் ஒரு வழியில் ஏற்றி மறு வழியில் இறக்குகிறார்கள், அதனால் மட்டும் அல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து முடங்கியது. மாதிரிக்கு ஒன்றுதான் சொன்னேன். பாறையும் மரமும் விழுவது ஒவ்வொரு பெருமழைக்கும் நடப்பதுதான். ஒரே ஒரு பாதை உள்ள மலையில் அன்றைக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள்.

கொல்லிமலையின் பாதை வேறு ரகம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு எண்ணைப் பலகையில் படித்துக்கொண்டே போவது முதல் முறை குதூகலம். மருத்துவரைப் பார்க்க மாதம் இரண்டு தடவை இறங்குகிறவருக்கு அதே எண்கள் வயிற்றைப் புரட்டும். என்னோடு வந்த ஒரு பெரியவர் நாற்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அரை மணி நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தார். அங்கே நிலம் பார்க்கத்தான் வந்திருந்தார். நிலத்தைப் பார்க்கும் முன்பே முடிவு தெரிந்துவிட்டது.

வளைவுகளுக்கு இன்னொரு விலை உண்டு. நீண்ட வண்டிகள் அங்கே திணறும். ஜல்லி, மணல், சிமெண்ட், கம்பி எல்லாம் சின்ன வண்டியில் பிரித்து ஏற்ற வேண்டும். கீழே ஒரு லோடுக்கு ஆகும் வாடகை மேலே பல மடங்காகும். வீடு கட்டும் செலவைச் சேலத்துச் சதுர அடிக் கணக்கில் போட்டு வைத்திருப்பவர்கள் அஸ்திவாரம் முடிவதற்குள் கையிருப்பைக் கரைத்துவிடுகிறார்கள். முள்ளுக்குறிச்சி வழியாகவும் கொல்லிமலைக்கு ஏறலாம், வளைவுத் தொல்லை அதில் குறைவு. அந்தப் பக்கம் இடம் கிடைத்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கலாம்.

பாதையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் மருத்துவமனைதான். ஏற்காட்டிலும் அரசு மருத்துவமனை உண்டு. காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனை எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். பக்கவாதம், மாரடைப்பு என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நகரத்துத் தனியார் மருத்துவமனைக்கோ இறங்கித்தான் ஆக வேண்டும். 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு கொல்லிமலை, கல்வராயன்காரர்களுக்குத் தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு, மூட்டத்தில், வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில் ஓட்டத் தெரிந்தவருக்கே நெஞ்சு வலி வந்தால்? ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் மலையில் கிணறு மாதிரி, இருக்கிறாரா என்று முன்னாடியே பார்த்துவிட வேண்டும்.

கிணறு என்றதும் தண்ணீர் ஞாபகம் வருகிறது. மலையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்பவர்கள் ஏப்ரலில் போனதில்லை. சேர்வராயனின் உடம்பு கெட்டிப் பாறை. சார்னோகைட் என்ற அந்தக் கருங்கல்லுக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. பாறையின் வெடிப்புகளிலும் மேலே மூடியிருக்கும் மண்ணிலும்தான் தங்கும். ஆழ்துளைக் கிணறு போட்டால் வெடிப்பில் பட்டால் அதிர்ஷ்டம், படாவிட்டால் தூசிதான் பறக்கும். உங்கள் நிலத்தில் அறுநூறு அடியிலும் வராத தண்ணீர் பக்கத்து நிலத்தில் நூற்றைம்பதில் பீறிடும். மழை நின்றதும் சரிவில் விழுந்த நீர் கீழே ஓடிவிடுகிறது, அதுதான் சரிவின் குணம். அதனால் உச்சியில் காட்சி பார்க்கக் கட்டிய வீடுகளுக்கு மாசி, பங்குனியிலேயே டேங்கர் வர ஆரம்பிக்கும். பள்ளத்தில் பழைய ஊற்றுக்கிணற்றை ஒட்டிக் கட்டிய வீட்டுக்குக் காட்சி கிடையாது, தண்ணீர் உண்டு. பழைய ஊர்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். உச்சியில் ஒரு கோயில் இருக்கும், ஊர் கீழே பள்ளத்தில் இருக்கும்.

ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு நிலத்தைப் பார்க்க நவம்பரில் போயிருந்தேன். காட்டியவர் சுறுசுறுப்பான மனிதர். மூட்டம் விலகும் நேரம் பார்த்துக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். சரிவில் ஓடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. ‘வருஷம் பூரா ஓடும் சார்’ என்றார். திரும்பும்போது ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்கார அம்மாவிடம் அந்த ஓடையைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வாசலில் அடுக்கியிருந்த நீலக் குடங்களைக் காட்டினார். பதினொன்று இருந்தன, நான் எண்ணினேன். ‘சித்திரையில வந்து பாருங்க சார், அப்புறம் பேசலாம்’ என்றார். அதோடு டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தண்ணீரை விடச் சிக்கலானது காகிதம். மலை நிலத்தில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்தான், ஏனென்றால் சமவெளியில் இரண்டு மனை வாங்கிய அனுபவம் தைரியம் கொடுத்திருக்கும். அங்கே பார்த்த அதே பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று இங்கேயும் உண்டு. ஆனால் இங்கே அவை பாதிக் கதைதான் சொல்லும்.

முதலில் அந்த நிலம் யாருடையதாக இருந்தது? மலைகளில் பழங்குடியினருக்கு அரசு ஒப்படை செய்த நிலங்கள் நிறைய உண்டு. அவற்றின் பட்டாவில் நிபந்தனை இருக்கும், அனுமதியில்லாமல் வெளியாருக்கு விற்க முடியாது. விலை மட்டும் கவர்ச்சியாக இருக்கும். ‘பவர் எழுதிக்கலாம், பேர்ல மாத்துறது அப்புறம் பாத்துக்கலாம்’ என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே எழுந்துவிடலாம். சட்டச் சிக்கல் இருக்கட்டும், ஒரு குடும்பத்தின் கடைசி நிலத்தை அப்படி எழுதி வாங்குவது மனசாட்சிக்கும் ஆகாது. கூட்டுப்பட்டா இன்னொரு முள். தாத்தா பெயரில் உள்ள நான்கு ஏக்கருக்கு இன்றைக்குப் பதினேழு வாரிசுகள் இருப்பார்கள், கையெழுத்துப் போட்டவர்கள் ஐந்து பேர்தான் என்பது வேலி போட்ட பிறகு தெரியும்.

அடுத்து, அது எஸ்டேட்டிலிருந்து பிரித்த நிலமா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபியைக் கொண்டு வந்து நட்டதிலிருந்து இங்கே பெரிய பெரிய தோட்டங்கள். ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டும் 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் காபி, தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. தோட்டமாக இருக்கும் வரைதான் அந்த விலக்கு. காபிச் செடியைப் பிடுங்கி மனை போட்டு விற்றால் விலக்கின் அடிப்படையே ஆட்டம் காணும். ‘எஸ்டேட் பிளாட்’ என்று விளம்பரம் பார்த்தால், தோட்டத்தின் தாய்ப் பத்திரத்தையும் விலக்கு ஆணையையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, கட்ட அனுமதி கிடைக்குமா? மலைக் கிராமங்களுக்கென்று 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. அலுவலகங்களில் ‘ஹாக்கா’ என்றால்தான் புரியும். உங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருந்தால் ஊராட்சி கையெழுத்தோடு வேலை முடிந்துவிடாது. சரிவின் அளவு, வனத்துறை எல்லை, மண்ணின் தன்மை என்று பல துறைகள் பார்க்க வேண்டி வரும். மரத்துக்கும் தனிச் சட்டம், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். வீட்டுக்கு இடைஞ்சலாக நிற்கும் சில்வர் ஓக் உங்கள் பட்டா நிலத்தில்தான் இருக்கிறது, இருந்தாலும் நினைத்த மாத்திரத்தில் வெட்டிவிட முடியாது. இதையெல்லாம் இடைஞ்சல் என்று அலுத்துக்கொள்வார்கள். சரிவில் மரத்தை வெட்டி, பொக்லைன் விட்டு மண்ணைச் செங்குத்தாக அறுத்து, அதன் கீழே வீட்டையும் வைத்தால் அடுத்த ஐப்பசியில் என்ன ஆகும் என்பதை நினைத்தால் அலுப்பு குறையும்.

புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் சர்வே வரைபடத்தை, கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுங்கள். பாதை உங்கள் சர்வே எண் வரை பொதுப் பாதையாக வருகிறதா, இல்லை யாருடைய தோட்டத்தின் வழியாகவாவது ‘விட்டுக்கொடுத்து’ வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். விட்டுக்கொடுத்தவர் இருக்கும் வரை சரி. அவருடைய மகன் கேட் போட்டுப் பூட்டினால் ஹெலிகாப்டரில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கல்வராயன் மலையில் இந்தக் காகிதச் சிக்கலின் அடியாழத்தைப் பார்க்கலாம். அங்கே 1976 வரை ஜாகிர்தார்கள் என்ற பரம்பரை நிலக்கிழார்களின் ஆட்சிதான். அதற்குப் பிறகே அந்த மலை முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. பல தலைமுறையாக உழுகிற நிலத்துக்குப் பட்டா இல்லாத குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, கல்வராயன் மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி அரசிடம் கேட்கும் நிலை இருந்தது. உழுகிறவருக்கே காகிதம் இல்லாத இடத்தில் வெளியூர்க்காரருக்கு ‘கிளியர் டைட்டில்’ எங்கிருந்து வரும்? கருமந்துறைப் பக்கம் அருமையான மண், அருமையான மனிதர்கள். போய்ப் பார்த்து, இரண்டு கிலோ மாம்பழம் வாங்கிக்கொண்டு வரலாம். குடியேறுவதற்கு இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கொல்லிமலையைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விவசாயம் செய்ய ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன் மூன்றில் அதுதான் முதலிடம். மேலே ஏறியதும் மலை போலவே இருக்காது. பள்ளத்தாக்கில் நெல் வயல், மேட்டில் மிளகுக்கொடி, அன்னாசி, பலா, மலைவாழை. ஊராட்சிகளுக்கே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்றுதான் பெயர், பதினான்கு நாடுகள். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காடுகளில் பெரும்பங்கை மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டது, கீழே ஜவ்வரிசி ஆலைகள் இருக்கும்போது வேறு எப்படி ஆகும். ஆடிப்பெருக்கு சமயத்தில் வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேட்டில் கூடும் கூட்டத்தைத் தவிர, மற்ற நாட்களில் ஏற்காட்டின் சந்தடி அங்கே கிடையாது. ஐம்பது வயதுக்குள், உடம்பு திடமாக, மண்ணில் இறங்கி வேலை பார்ப்பவர் என்றால் எழுபது வளைவும் ஒரு பொருட்டில்லை. அறுபத்தைந்தில் போகிறவருக்கு நான் ஏற்காட்டைத்தான் சொல்வேன், அதுவும் ஏரிக்கரையை விட்டுத் தள்ளி.

ஏரிக்கரையை ஏன் விட வேண்டும் என்றால், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணா பூங்கா பக்கம் பால் வாங்கப் போய்ப் பாருங்கள், புரிந்துவிடும். சுற்றுலாக்காரர்களின் ஏற்காடும் குடியிருப்பவர்களின் ஏற்காடும் வேறு வேறு ஊர்கள். செம்மநத்தம், மஞ்சக்குட்டை, வாழவந்தி என்று உள்ளே போகப் போக ஹாரன் சத்தம் அடங்கும். விலையும் ஓரளவு அடங்கும். பேருந்தும் அடங்கிவிடும், அதுதான் இடிக்கிறது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, கைபேசி சிக்னல் எந்த மூலையில் நிற்கிறது, காற்று அடித்தால் மின்சாரம் எத்தனை நாளில் திரும்பும் என்பதைத் தரகரிடம் கேட்கக் கூடாது. ரேஷன் கடை வரிசையில் நின்று கேட்க வேண்டும். குரங்கு, காட்டெருமை விஷயமும் அங்கேதான் உண்மையாகத் தெரியவரும்.

பிள்ளைகள் உள்ளவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஏற்காட்டின் பெயர்பெற்ற பள்ளிகள், 1917-இல் தொடங்கிய மான்ஃபோர்ட் போன்றவை, பல ஊர்களிலிருந்தும் விடுதிக்குப் பிள்ளைகளை ஈர்ப்பவை. செலவும் அதற்குத் தக்கபடி. அது கட்டுப்படாவிட்டால் உள்ளூர் அரசுப் பள்ளியா, தினமும் மலை இறங்கும் வேனா என்று முடிவெடுக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைத் தினமும் நாற்பது வளைவு சுற்ற வைப்பது, ஏறும்போது இருபது, இறங்கும்போது இருபது, கொஞ்சம் கொடுமைதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் நண்பர் ஒருவர், கூட்டுறவுத் துறையில் ஓய்வு பெற்றவர், செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. நிலம் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, வாழவந்திப் பக்கம் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஒப்பந்தத்தை ஜூனில் தொடங்கச் சொன்னேன், கடைசி மாதம் ஏப்ரலாக விழட்டும் என்று. முதல் நான்கு மாதம் தினமும் மூட்டத்தின் படம் அனுப்பினார். நவம்பரில் படம் நின்றது, இருமல் மருந்தின் பெயர் கேட்டுச் செய்தி வந்தது. மார்ச் கடைசியில் காபி பூத்தபோது, மல்லிகை மாதிரி வாசனை வீடு முழுக்க நிற்கிறது என்று இரவு பத்து மணிக்கு அழைத்துச் சொன்னார். ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு நாள் சேலத்தில் கடைவீதியில் பார்த்தேன். கையில் ஒரு புதுக் கயிற்றுச் சுருள். ‘கிணத்துல பன்னெண்டு அடி இறங்கிடுச்சுங்க’ என்றார். ‘அப்போ திரும்பி வந்துடுறீங்களா?’ என்றேன். ‘கயிறு வாங்கிட்டுப் போறேன்ல’ என்று சிரித்துவிட்டு, நாலு மணிப் பேருந்தைப் பிடிக்க நடந்தார்.